தொலைவிலிருந்து திறக்கும் வாசல்

துபாயில் பணியாற்றும் மகன், ஓய்வு நாளன்று தன் அறையில் அமர்ந்தவாறே, கீழக்கரையில் இருக்கும் வாப்பாவின் கணினியைத் திறக்கின்றான். இங்கே வாப்பா சுட்டியைத் தொடவில்லை. ஆயினும் திரையில் அம்புக்குறி தானே நகர்கின்றது, கோப்புகள் திறக்கின்றன, நின்றுபோன அச்சுப்பொறி மீண்டும் இயங்குகின்றது. “ஜின் ஏதும் புகுந்துகொண்டதா?” என்று உம்மா வேடிக்கையாகக் கேட்கும் காட்சி, வளைகுடாவில் பிள்ளைகளை வைத்திருக்கும் இல்லங்களுக்குப் புதியதன்று.

வாசக அன்பர்களே! ஒரு கணினியின் திரையை வேறொரு கணினியிலிருந்து காணவும் இயக்கவும் உதவும் இம்மென்பொருளுக்கு இரு பகுதிகள் உண்டு. காணப்படும் கணினியில் இருப்பது சர்வர்; காண்பவரின் கணினியில் இருப்பது வியூவர். சர்வரை வாயிற்காப்போன் என்றும், வியூவரைத் தொலைநோக்காடி என்றும் கொள்ளலாம். இவ்விரண்டில் எது பழுதுபட்டாலும் அதனைச் சீர்செய்ய நமக்கிருக்கும் வழி பெரும்பாலும் ஒன்றே: பழைய பதிப்பை நீக்கிவிட்டுப் புதிய பதிப்பை நிறுவுதல். கேட்பதற்கு எளிது. எனினும் வீட்டிலும் கடையிலும், ஏன், பள்ளிவாசல் அலுவலகத்திலும்கூட மாதக்கணக்கில் தள்ளிப்போடப்படும் வேலை இதுவே. அவ்வாறு தள்ளிப்போடுவதால் என்ன நேரும் என்பதையே இக்கட்டுரையில் காணப்போகின்றோம்.

கேம்பிரிட்ஜில் பிறந்த கருவி

இங்கிலாந்து நாட்டுக் கேம்பிரிட்ஜ் நகரில் ஒலிவெட்டி நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் ஒன்று இருந்தது. ‘விர்ச்சுவல் நெட்வொர்க் கம்ப்யூட்டிங்’, சுருக்கமாக வி.என்.சி., எனப்படும் முறை உருவானது அங்கேதான். டிரிஸ்டன் ரிச்சர்ட்ஸன், குவென்டின் ஸ்டாஃபோர்ட் ஃப்ரேஸர், கென்னத் வுட், ஆண்டி ஹாப்பர் ஆகிய நால்வரும் இதனை விளக்கி 1998-ஆம் ஆண்டில் ஆய்வுக்கட்டுரை ஒன்றை வெளியிட்டனர். மென்பொருளின் மூல நிரலும் அதே ஆண்டில் எவரும் எடுத்துப் பயன்படுத்தும் வண்ணம் இலவசமாக வழங்கப்பட்டது. 1999-இல் ஆய்வுக்கூடம் ஏ.டி. அண்டு டி. நிறுவனத்தின் கைக்கு மாறியது, 2002-இல் மூடப்பட்டது. அங்கே பணிபுரிந்தோர் சிலர் அவ்வாண்டே ரியல் வி.என்.சி. என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். நிரல் பொதுவில் இருந்தமையால் டைட் வி.என்.சி., அல்ட்ரா வி.என்.சி., டைகர் வி.என்.சி. எனக் கிளைகள் பல பிரிந்தன. இன்று நம்மவர் பெரிதும் அறிந்த எனிடெஸ்க் இக்குடும்பத்தைச் சேர்ந்ததன்று. செய்யும் தொழில் மட்டும் ஒன்று.

இங்கே ஒரு சுவையான செய்தியைச் சொல்லியாக வேண்டும். அந்நால்வருள் ஒருவரான ஸ்டாஃபோர்ட் ஃப்ரேஸர், 1991-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினித் துறையில் வேறொரு வேடிக்கையான முயற்சியிலும் பங்குகொண்டவர். மற்றோர் அறையிலிருந்த காப்பிக் குடுவையில் காப்பி மிச்சமிருக்கின்றதா என்பதை எழுந்து சென்று பாராமல், இருந்த இடத்திலிருந்தே பார்ப்பதற்காக அதன் எதிரே ஒரு காமிராவை நிறுத்தினார்கள்! 1993-இல் அப்படம் உலகு முழுவதும் காணும்படி இணையத்தில் ஏறிற்று, 2001-இல்தான் நிறுத்தப்பட்டது. யமன் நாட்டு ஸூஃபிகளின் கூடங்களிலிருந்து பரவிய அப்பானம், தொலைவிலிருந்து பார்க்கும் கலைக்கும் இவ்வாறு துணைசெய்தது போலும்.

வி.என்.சி. இயங்கும் முறை மிக எளியது. சர்வர் தன் திரையை ஒரு படமாகக் கருதுகின்றது. அப்படத்தில் எந்தச் செவ்வகப் பகுதி மாறுகின்றதோ அப்பகுதியை மட்டும் வியூவருக்கு அனுப்புகின்றது. வியூவர் அதனை உரிய இடத்தில் ஒட்டிக்கொள்கின்றது. நாம் அழுத்தும் விசைகளையும் சுட்டியின் அசைவுகளையும் திருப்பி அனுப்புகின்றது. இவ்வளவே! வியூவர் தனக்கென எதையும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. இடையில் அதனை மூடிவிட்டு வேறொரு கணினிக்குச் சென்று திறந்தால், விட்ட இடத்தில் விட்டபடியே எல்லாம் இருக்கும். அம்புக்குறி நின்ற இடம்கூட மாறாது.

கேள்விக்குறிகளாகிப் போன வினாத்தாள்

படமாகச் செல்வதில் மொழிப் பாகுபாடு கிடையாது. தொலைவிலுள்ள திரையில் தமிழ் இருந்தால் தமிழாகவே தெரியும். அரபு இருந்தால் அரபாகவே தெரியும். சிக்கல் எங்கே எழுகின்றது தெரியுமா? இங்கே ஒரு பத்தியை நகலெடுத்து அங்கே ஒட்ட முயலும்போது! அப்போது செல்வது படமன்று, எழுத்து.

எங்கள் மதரஸாவின் தேர்வு வினாத்தாள்களை அச்சிடும் அச்சகம் வெளியூரில் உள்ளது. அச்சகத்தார் தம் கணினியைத் திறந்துவிடுவார். நாங்கள் இங்கே தட்டச்சு செய்த வினாக்களை நகலெடுத்து அங்கே ஒட்டுவோம். ஒருமுறை ஒட்டிப் பார்த்தால் வினா எண்கள் மட்டும் ஒழுங்காக நின்றன. அரபுச் சொற்றொடர், தமிழ் விளக்கம் யாவும் போய், பக்கம் முழுவதும் கேள்விக்குறிகள். “வினாத்தாள் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும், ஹஜ்ரத்” என்று அச்சகத்தார் சிரித்தார். கணினி பழுதுபார்க்கும் தம்பி முதலில் எழுத்துருவைக் குறைசொன்னார். புதிய எழுத்துருக்களை ஏற்றினார். பிறகு விண்டோஸையே அழித்து மீண்டும் நிறுவினார். ஒரு நாள் முழுவதும் கழிந்தது. கேள்விக்குறி மட்டும் கழியவில்லை. இறுதியில் இரு முனைகளிலும் இருந்த பழைய தொலைத்திரை மென்பொருளை நீக்கிவிட்டுப் புதியதை நிறுவினோம். அரை மணி நேரத்தில் வினாக்கள் வினாக்களாகவே போய்ச் சேர்ந்தன.

காரணத்தைப் பின்னர்த் தேடிப் படித்தேன். வி.என்.சி.யின் மூல விதிமுறை வகுக்கப்பட்டபோது, நகலெடுத்த எழுத்துகளைக் கொண்டுசெல்ல ‘லத்தீன் 1’ என்னும் எழுத்துப் பட்டியலே வைக்கப்பட்டது. அதில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட். ஆகவே மொத்தம் 256 இடங்கள். ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் போன்ற மேற்கு ஐரோப்பிய மொழிகளின் எழுத்துகள் அவ்விடங்களை நிரப்பிக்கொண்டன. தமிழுக்கோ அரபுக்கோ அங்கே ஓர் இருக்கைகூட இல்லை. இடமில்லாத எழுத்தைக் கண்ட மென்பொருள், அதன் இடத்தில் ஒரு கேள்விக்குறியை வைத்துவிட்டு நகர்ந்தது. 2011 மார்ச்சில் இவ்விதிமுறை ஆர்.எஃப்.சி. 6143 என்னும் ஆவணமாக வெளியிடப்பட்டபோதும், அப்பட்டியலுக்கு அப்பாற்பட்ட எழுத்துகளை அனுப்ப வழியில்லை என்று அதில் வெளிப்படையாகவே ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தது.

இத்தனைக்கும், உலக மொழிகளின் எழுத்துகளையெல்லாம் ஒரே பட்டியலில் அடக்கும் யூனிகோடு முறை, 1991-இல் வெளிவந்த தன் முதற்பதிப்பிலேயே அரபுக்கும் தமிழுக்கும் இடமளித்துவிட்டது. குறை எழுத்துகளில் இல்லை. வாசலின் அகலத்தில்தான் இருந்தது. பிற்காலத்தில் அவ்வாசலை அகலப்படுத்தும் துணைவிதி ஒன்று சேர்க்கப்பட்டது. டைகர் வி.என்.சி. மென்பொருளில் அது 1.10.0 என்னும் பதிப்பில், 2019 நவம்பரில் இடம்பெற்றது. அதற்கு முந்தைய பதிப்பை வைத்துக்கொண்டு எழுத்துருவை எத்தனை முறை மாற்றினாலும் பயன் விளையாது என்பதை இனி விளக்க வேண்டியதில்லை.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இப்பழுது நீங்க இரு முனைகளும் புதியவையாக இருத்தல் வேண்டும். ஒரு முனை மட்டும் புதிதானால், அது மறுமுனைக்குத் தெரிந்த பழைய முறையிலேயே பேச நேரிடும். பழையதும் புதியதும் சந்தித்தால் சண்டையிடுவதில்லை. இணைப்புத் தொடங்கியவுடன் சர்வர் தனக்குத் தெரிந்த மிக உயர்ந்த விதிமுறை எண்ணைச் சொல்கின்றது; வியூவர் தனக்கு ஏற்ற எண்ணைப் பதிலாகச் சொல்கின்றது; பிறகே பேச்சு தொடங்குகின்றது. ஸலாமும் பதில் ஸலாமும் போன்ற இம்முறையினால், வியூவரை மட்டும் முதலில் புதுப்பிப்பதால் பழைய சர்வருடன் உள்ள உறவு பொதுவாக அறுந்துபோகாது. ஆகவே, “அங்கே பழையது இருக்கின்றதே, இங்கே மாற்றினால் ஒன்றும் வேலை செய்யாமல் போய்விடுமே” என்று அஞ்சி அமர்ந்திருக்கத் தேவையில்லை.

வாயிற்காப்போன் உறங்கிய கதை

எழுத்து கேள்விக்குறியாவது கண்ணுக்குத் தெரியும் பழுது. தெரிந்த பழுதுக்கு எப்படியும் மருந்து தேடுவோம். கண்ணுக்குத் தெரியாத பழுதுகளே அஞ்சத்தக்கவை; ஏனெனில் அப்போது மென்பொருள் மிக நன்றாக இயங்குவதாகவே நமக்குத் தோன்றும்.

2006 மே மாதத்தில் ரியல் வி.என்.சி. 4.1.1 பதிப்பில் கண்டறியப்பட்ட பழுது இதற்குத் தக்க சான்று. வியூவர் வந்து கதவைத் தட்டியதும், சர்வர் தான் ஏற்கும் பாதுகாப்பு முறைகளின் பட்டியலை நீட்டும். அம்முறைகளுக்கு எண்கள் உண்டு. 1 என்றால் கடவுச்சொல் வேண்டாம். 2 என்றால் கடவுச்சொல் வேண்டும். கணினியின் உரிமையாளர் கடவுச்சொல் வைத்திருந்தால் பட்டியலில் 2 மட்டுமே இருக்கும். வியூவர் அதிலிருந்து ஓர் எண்ணைத் தேர்ந்து சொல்ல வேண்டும். நேர்மையான வியூவர் 2 என்று சொல்லும். நேர்மையற்ற ஒன்று, பட்டியலில் இல்லாத 1-ஐச் சொன்னால்? “நான் அப்படியொன்றைத் தரவில்லையே” என்று சர்வர் மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை! சொல்லப்பட்ட எண், தான் நீட்டிய பட்டியலில் உள்ளதா என்று ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை அந்நிரலில் விடுபட்டுப் போயிருந்தது. வந்தவன் “கடவுச்சொல் வேண்டாம்” என்று கூற, காப்போனும் “அப்படியே ஆகட்டும்” என்று கதவைத் திறந்துவிட்டான்.

எத்துணை நீண்ட கடவுச்சொல் வைத்திருந்தாலும் அங்கே அது செல்லாது. பூட்டு உடைக்கப்படவில்லை, பூட்டைத் தொட வேண்டிய அவசியமே எழவில்லை. நிறுவனத்தார் அதே மாதம் 4.1.2 பதிப்பை வெளியிட்டுப் பழுதை நீக்கினர். பழைய பதிப்பை வைத்திருந்தவருக்குக் கடவுச்சொல்லை மாற்றுவதாலும், கணினியை அணைத்துப் போடுவதாலும் அப்பழுது தீராது. பதிப்பை மாற்றினால் மட்டுமே தீரும்.

இப்படிப் புகுந்தவன் என்ன பார்ப்பான்? கடைக்காரரின் கணினியில் கொடுக்கல் வாங்கல் இருக்கும். வீட்டுக் கணினியில் குடும்பத்தினரின் படங்கள் இருக்கும். ஜமாஅத் அலுவலகக் கணினியில் நிக்காஹ் பதிவுகளும், ஜகாத் பெறுவோரின் பெயர்களும், அவர்கள் எழுதிக்கொடுத்த மனுக்களும் இருக்கும். தம் வறுமையை அண்டை வீட்டாருக்கும் காட்டாமல் மறைத்து வாழும் ஒரு விதவைப் பெண், பள்ளிவாசல் நிர்வாகத்தை நம்பி எழுதித் தந்த தாள் அது. பைத்துல்மால் பெட்டிக்கு இரண்டு பூட்டுப் போட்டு, இரண்டு திறவுகோலையும் இரண்டு பேரிடம் ஒப்படைக்கும் நிர்வாகிகள், அம்மனுக்கள் கிடக்கும் கணினியின் பதிப்பெண்ணை ஒருமுறை எட்டிப் பார்க்கலாம். அமானிதம் என்பது காசுக்கு மட்டும் உரிய சொல்லன்றே!

பார்ப்பவருக்கும் பாதுகாப்பில்லை

சர்வர் பழுதானால் பார்க்கப்படுபவருக்கு ஆபத்து. இது எவருக்கும் விளங்கும். வியூவர் பழுதானால்? வெறுமே பார்த்துக்கொண்டிருப்பவருக்கு என்ன வந்துவிடப் போகின்றது என்று நினைப்போம். அந்நினைப்பு சரியன்று.

காஸ்பர்ஸ்கி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2019 நவம்பரில் வெளியிட்ட அறிக்கையில், வி.என்.சி. குடும்பத்து மென்பொருள்கள் நான்கில் 37 பழுதுகளைப் பட்டியலிட்டனர். அல்ட்ரா வி.என்.சி.யில் 22, லிப் வி.என்.சி.யில் 10, டைட் வி.என்.சி.யின் பழைய 1 ஆம் வரிசையில் 4, டர்போ வி.என்.சி.யில் 1. இவற்றுள் பல வியூவர் பகுதியில் இருந்தவை. சர்வர் அனுப்பும் படத்தை வியூவர் தன் நினைவகத்தில் இறக்கி வைக்கின்றது என்று சொன்னோமல்லவா? இவ்வளவு இடம் வேண்டும் என்று சர்வர் ஓர் அளவைச் சொல்லி, அதைவிடக் கூடுதலாகக் கொட்டினால், அளந்து பார்க்காத வியூவரில் அது பக்கத்து இடங்களிலும் வழிந்து பரவும். ஒரு படி கொள்ளும் பாத்திரத்தில் இரண்டு படி அரிசியைக் கொட்டினாற்போல! தரையில் சிந்துவது அரிசியாயின் கவலையில்லை. இங்கே சிந்துவது, கொட்டுபவன் திட்டமிட்டு எழுதிய கட்டளைகளாக இருக்கலாம். அவ்வாறாயின், பார்க்க வந்தவரின் கணினியே பார்க்கப்படுபவனின் வசமாகிவிடும். ஊரூராகப் பலருடைய கணினிகளைத் தம் வியூவரில் திறந்து பழுதுபார்த்துத் தரும் தம்பிமார்கள் இதனைச் சற்று ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

டைகர் வி.என்.சி.யும் இதற்கு விலக்கன்று. தமிழையும் அரபையும் கடத்திச் செல்லும் 1.10.0 பதிப்பு 2019 நவம்பரில் வந்தது என்று மேலே கண்டோம். அதற்கு அடுத்த மாதமே, டிசம்பரில், 1.10.1 வந்தது. காஸ்பர்ஸ்கியார் கண்டறிந்து கூறிய பாதுகாப்புப் பழுதுகளை நீக்குவதற்காகவே வெளியிடப்பட்ட பதிப்பு அது. பழுதுகள் இரு முனைகளையும் பாதிப்பவை. “போன மாதம்தானே மாற்றினோம், தமிழும் நன்றாக வருகின்றதே” என்று இருந்துவிட்டவர், எழுத்துப் பழுதைத் தீர்த்துக்கொண்டு திருட்டு வாசலைத் திறந்து வைத்தவராவார்.

டைட் வி.என்.சி.யின் 1 ஆம் வரிசையைப் பொறுத்தவரை நிலைமை வேறு. அவ்வரிசையை உருவாக்கியோர் அதனைப் பேணுவதை அதற்கு முன்பே நிறுத்திவிட்டனர். பேணுவார் இல்லாத வீட்டுக்கு ஓடு மாற்றித் தருவார் யார்? அதனை வைத்திருப்போர் 2 ஆம் வரிசைக்குக் குடிபெயர வேண்டும். அல்லது வேறு மென்பொருளுக்கு மாற வேண்டும்.

“ஓடுகின்ற வண்டியை எதற்காக நிறுத்துவது?” என்று கேட்போர் உளர். அவர்கள் பக்கத்திலும் ஓரளவு நியாயம் இருக்கின்றது. புதிய பதிப்பில் பழக்கப்பட்ட பொத்தான் இடம் மாறிப் போகும். வயதான வாப்பாவுக்கு மீண்டும் முதலிலிருந்து கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கும். சில வேளைகளில் புதிய பதிப்பே புதியதொரு கோளாற்றையும் கொண்டுவந்துவிடும். இவற்றை மறுப்பதற்கில்லை. ஆனால் ஒன்றை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. பழுது நீக்கிய பதிப்பு வெளிவந்த அன்றே, பழுது எங்கே இருந்தது என்பதும் வெளிப்பட்டுவிடுகின்றது. பழையதையும் புதியதையும் ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்த எவனுக்கும், ஓட்டை இருந்த இடம் புலனாகிவிடும். ஆகவே, மருந்து வந்த பிறகு அதனை உண்ணாமல் இருப்பவரின் நிலை, மருந்தே வராத நாளில் இருந்ததைவிட மோசமானது.

இதற்கு நாம் கண்ட உதாரணங்கள் உண்டு. விண்டோஸில் இருந்த ஒரு பழுதுக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்று வெளியிட்டது. அதே பழுதின் வழியே ‘வானாக்ரை’ என்னும் நச்சுநிரல் மே 12 அன்று உலகெங்கும் பாய்ந்து, இங்கிலாந்து மருத்துவமனைகளையும் முடக்கிப் போட்டது. இடையில் இருந்தவை இரண்டு மாதங்கள்! அது தொலைத்திரைப் பழுதன்று. ஆனால் 2019 மே 14 அன்று அறிவிக்கப்பட்ட ‘புளூகீப்’, விண்டோஸின் சொந்தத் தொலைத்திரைச் சேவையிலேயே இருந்த பழுதாகும். அதன் கடுமையைக் கருதி, 2014-இலேயே ஆதரவு நிறுத்தப்பட்ட விண்டோஸ் எக்ஸ்பி.க்கும்கூட அந்நிறுவனம் திருத்தம் தந்தது.

ஸனது தெரியாத பதிப்பு

புதுப்பிக்க வேண்டும் என்று சொன்னவுடன், கண்ணில் பட்ட இடத்திலிருந்தெல்லாம் இறக்கிக்கொள்ளும் அன்பர்களும் உள்ளனர். ஹதீஸ் கலையைப் பயில்வோருக்கு ஒன்று நன்கு தெரியும். ஒரு செய்தி எவ்வளவு அழகாக இருந்தாலும், அது யார் வழியாக வந்தது என்னும் அறிவிப்பாளர் தொடரைப் பாராமல் ஏற்பதில்லை. மென்பொருளுக்கும் இத்தகைய தொடர் இருக்கின்றது. உருவாக்கியவர் தம் மென்பொருளின்மீது மின் முத்திரை ஒன்றைப் பதிக்கின்றார். இடையில் எவரேனும் ஒரு சிறு பகுதியை மாற்றினாலும் அம்முத்திரை பொருந்தாது. நிறுவும்போது திரையில் தோன்றும் சிறு பெட்டியில் வெளியீட்டாளரின் பெயர் வருவது இதனால்தான். “தெரியாத வெளியீட்டாளர்” என்று வந்தால் அங்கேயே நின்றுவிடுவது நலம்.

அம்முத்திரைக்கே ஐயம் நேர்ந்த சம்பவமும் உண்டு. எனிடெஸ்க் நிறுவனத்தார் தம் கணினிகளுக்குள் அயலார் ஊடுருவியதை 2024 பிப்ரவரியில் அறிவித்தனர். முன்னெச்சரிக்கையாகப் பழைய முத்திரையைக் கைவிட்டுப் புதிய முத்திரைக்கு மாறினர். புதிய முத்திரை பதித்த பதிப்புக்கு எல்லோரும் மாறிக்கொள்ளுமாறு கேட்டுக்கொண்டனர். மென்பொருளில் பழுதே இல்லாவிடினும் பதிப்பை மாற்ற வேண்டிய நாள் வரலாம் என்பதற்கு இது சான்றாகும்.

நகல் சாவியைப் போலவே திருட்டு நகல் மென்பொருளும். ‘கிராக்’ செய்யப்பட்டதென்று பென்டிரைவில் வைத்துக் கைக்குக் கை மாறும் பதிப்பில், காசு மிச்சமாவது உண்மையே. மார்க்கத் தீர்ப்பை உங்கள் ஊர் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கணினித் தீர்ப்பை மட்டும் நான் சொல்கின்றேன்: அதற்கு ஸனது கிடையாது, புதுப்பிப்பும் கிடையாது.

புதிய பதிப்பினால் தீராதவை

இம்மருந்து எல்லா நோய்க்கும் ஆகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வி.என்.சி.யின் மூல முறையில் கடவுச்சொல்லின் முதல் எட்டு எழுத்துகள் மட்டுமே கணக்கில் கொள்ளப்படுகின்றன. ஒன்பதாவது எழுத்திலிருந்து நீங்கள் எதை எழுதினாலும் அது வெறும் அலங்காரமே! அம்முறையில் திரைப்படமும் விசை அழுத்தங்களும் மறைகுறியின்றித் திறந்த கடிதம்போலச் செல்கின்றன. இது ஒரு பதிப்பின் பழுதன்று, விதிமுறையின் இயல்பு. ஆகையால் 5900 என்னும் அதன் வழக்கமான வாசலை நேராக இணையத்தின் பக்கம் திறந்து வைக்கக்கூடாது. மறைகுறியிட்ட வழிக்குள் செலுத்தியே பயன்படுத்த வேண்டும்.

அடுத்தது இன்னும் கொடியது. இந்திய ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியில் வங்கிகளுக்கு ஓர் எச்சரிக்கை விடுத்தது. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி, கைபேசியில் எனிடெஸ்க் செயலியை நிறுவச் செய்து, அதில் தோன்றும் எண்ணைக் கேட்டு வாங்கிப் பணத்தைக் கறக்கும் மோசடி பற்றியது அது. அங்கே மென்பொருளில் எப்பழுதும் இல்லை, உருவாக்கப்பட்டபடியே இயங்கிற்று. கதவைத் திறந்தவர் வீட்டுக்காரர்தாம். அத்தகையவனுக்குத் திறந்துவிட எண்ணைச் சொல்லிவிட்டால், நேற்று வந்த பதிப்பும் நம்மைக் காவாது.

பிறர் இல்லங்களுள் அனுமதி பெற்று ஸலாம் கூறாமல் நுழையலாகாது என்னும் ஒழுக்கத்தைத் திருக்குர்ஆனின் அந்நூர் அத்தியாயம் (24:27) கற்பிக்கின்றது. அனுமதி கோருதல் விதிக்கப்பட்டதே பார்வையின் பொருட்டுத்தான் என்னும் கருத்தமைந்த நபிமொழி புகாரியில் இடம்பெற்றிருக்கின்றது. கால் வாசலுக்கு வெளியே நிற்க, கண் மட்டும் உள்ளே சென்றாலும் அது நுழைவே. தொலைத்திரையில் நடப்பது முழுக்க முழுக்கக் கண்ணின் நுழைவுதான். மகனாயினும் மருமகனாயினும், பெண்கள் பயன்படுத்தும் கணினியைத் திறக்குமுன் “இப்போது திறக்கலாமா?” என்று கைபேசியில் ஒரு சொல் கேட்டுவிடுவது நன்று. ஒருமுறை கொடுத்த கடவுச்சொல்லை நிரந்தர அனுமதியாகக் கொள்ளும் பழக்கம் பல வீடுகளில் மனவருத்தத்தை உண்டாக்கியிருக்கின்றது. ஒவ்வொரு முறையும் எதிர்முனையில் இருப்பவர் ‘சரி’ என்று அழுத்தினால்தான் திறக்கும்படி அமைக்கும் வசதி இத்தகைய மென்பொருள்கள் பலவற்றில் இருக்கின்றது. அதனை இயக்கி வையுங்கள்.

இனி, வேலையைத் தொடங்குவோருக்குச் சில சொற்கள். உங்கள் வியூவரில் ‘ஹெல்ப்’ என்னும் பட்டியலின் கீழ் ‘அபௌட்’ என்று ஒன்று பெரும்பாலும் இருக்கும். பதிப்பெண் அங்கே தெரியும். அவ்வெண்ணை உருவாக்கியவரின் தளத்திலுள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். வியூவரை முதலில் மாற்றுங்கள். அது உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது. பிறகு சர்வரை. இங்கேதான் பலர் தடுக்கி விழுகின்றனர். துபாயிலிருந்து கீழக்கரைக் கணினியின் சர்வரை, அதே சர்வரின் வழியாகவே புகுந்து மாற்ற முற்பட்டால், நிறுவும் வேலையின் நடுவே பழைய சர்வர் நிறுத்தப்படும், இணைப்பு அறுந்துபோகும், அமர்ந்திருக்கும் கிளையை நாமே அறுத்த கதையாகும். புதிய சர்வர் தானே எழுந்து நின்றால் நல்லது. எழாவிட்டால் அங்கே கணினியின் முன் ஓர் ஆள் வேண்டும். எனவே வாப்பா கடையில் இருக்கும் நேரத்தில் செய்யாதீர்கள். தம்பியோ தங்கையோ கணினியின் அருகில் அமர்ந்து, கைபேசியில் உங்களோடு பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில் செய்யுங்கள். ஜும்ஆவுக்கு நேரம் நெருங்கும்போது தொடங்கவே வேண்டாம்!

இரு முனைகளும் மாறிய பின், இங்கே ஒரு தமிழ்ச் சொல்லையும் ஓர் அரபுச் சொல்லையும் தட்டச்சு செய்து, நகலெடுத்து, அங்கே ஒட்டிப் பாருங்கள். பின்னர் அங்கிருந்து இங்கே ஒட்டிப் பாருங்கள். இரு திசைகளிலும் எழுத்து எழுத்தாகவே வந்தால் சரி. ஒரு திசையில் மட்டும் கேள்விக்குறி வந்தால், எழுத்துருவைத் தொடாதீர்கள். பழைய பதிப்பு எங்கேனும் நீக்கப்படாமல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றதா என்று இரு கணினிகளிலும் முதலில் தேடுங்கள்.